இருபது சதவீதப் பெட்டியும் எங்க ஊர்க் குடமும்

உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டு "நகரம் கட்டுறேன்" என்று சொன்னால் பாதிப் பேர் மனை வியாபாரம் என்று நினைத்துக்கொள்வார்கள். காஞ்சிபுரம் ரோடு, செங்கல்பட்டு ரோடு, எந்தப் பக்கம் போனாலும் வயலுக்கு நடுவில் கலர்க் கொடி நட்டு, கல் ஊன்றி, ஏதாவது ஒரு 'சிட்டி' என்று பெயர் வைத்த லேஅவுட்கள் அப்படி. நான் கட்டுவது மொபைலில். கடையில் கூட்டம் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரிலும். ஜெராக்ஸ் கடைக்காரன் பிழைப்பு தெரியும்தானே? பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் நிமிர நேரமிருக்காது. மற்ற நாளில் சாப்பாட்டுக்கு அப்புறம் ஈ ஓட்டலாம். அந்த நேரத்தில் வளர்ந்ததுதான் என் நகரம்.

இந்தப் பதிவு நகரத்தைப் பற்றியது இல்லை, ஈவென்ட்டைப் பற்றியது. ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஆடுகிறவர்கள் ஒரு பத்தியைத் தாண்டிப் போகலாம்.

நகரம் கட்டும் ஆட்டங்கள் அடிப்படையில் ரொம்ப மெதுவானவை. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருக்கும் இன்னோகேம்ஸ் 2012-ல் கொண்டுவந்த 'ஃபோர்ஜ் ஆஃப் எம்பயர்ஸ்' கற்காலக் குடிசையில் தொடங்கி விண்வெளி யுகம் வரை போகும். அதில் ஆராய்ச்சிக்கு வேண்டிய புள்ளி மணிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் ஊறும். 2014 டிசம்பரில் வந்த 'சிம்சிட்டி பில்ட்இட்'டில் ஒரு வீட்டை மாடியாக்க ஆணி, பலகை, சிமென்ட் என்று ஒவ்வொன்றாகத் தயாரித்துச் சேர்க்க வேண்டும். இன்று செய்யாததை நாளைக்குச் செய்யலாம், யாரும் கேட்கப் போவதில்லை. அப்படிப்பட்ட ஆட்டத்துக்குள் அவசரத்தைக் கொண்டுவந்து வைப்பதுதான் ஈவென்ட். கோடை, ஹாலோவீன், கிறிஸ்துமஸ், கால்பந்து என்று ஏதாவது ஒரு சாக்கு. ஒரு வாரமோ மூன்று வாரமோ ஓடும். ஒன்றன்பின் ஒன்றாகப் பணிகள் வரும். முடித்தால் ஈவென்ட் காசு. அந்தக் காசைக் கொடுத்துப் பெட்டி திறந்தால் பரிசு. பெட்டி திறக்கத் திறக்க ஒரு பெரிய கட்டடம் நிலை நிலையாக உயரும். திரையின் மூலையில் கடிகாரம் இறங்கிக்கொண்டே இருக்கும். அது பூஜ்யத்துக்கு வந்தால் கடை சாத்திவிடுவார்கள்.

அந்தக் கடிகாரத்தை வைத்துத்தான் உத்தி என்று சொல்கிறார்கள். உண்மையில் உத்தியில் பாதி ஈவென்ட் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடும்.

எப்படி என்றால், பணிகளில் ஒன்று கட்டாயம் "24 மணி நேர உற்பத்தியை முடி" என்று வரும். ஃபோர்ஜில் ஒரு பட்டறைக்கு 5 நிமிடம், 15 நிமிடம், 1 மணி, 4 மணி, 8 மணி, 24 மணி என்று வேலைகள் உண்டு. பணி வந்த பிறகு 24 மணி வேலையைப் போட்டால் ஒரு நாள் போச்சு. அதனால் ஈவென்ட் வருகிறது என்று தெரிந்த உடனேயே நாலைந்து பட்டறைகளில் 24 மணி வேலையைப் போட்டு, முடிந்ததை அள்ளாமல் அப்படியே விட்டுவைக்க வேண்டும். பணி வந்ததும் தட்டினால் அந்த நொடியே கணக்கு தீரும். அண்டை ஆட்டக்காரன் கொள்ளையடிக்க வழி இருக்கும் ஆட்டத்தில் இப்படி விட்டுவைப்பது ஆபத்துதான், தெரிந்தே எடுக்கிற ஆபத்து. அதே மாதிரி ஒரு ஆராய்ச்சியை முடிக்க ஒன்றிரண்டு புள்ளி பாக்கி வைத்து நிறுத்திவிட வேண்டும். "ஒரு ஆராய்ச்சியை முடி" என்று வரும் நாளில் அது கை கொடுக்கும். "மக்களின் மகிழ்ச்சியைக் கூட்டு" என்று ஒரு பணி வரும். அதற்கு ஊர்க்கோடியில் ஒரு துண்டு இடம் காலியாக வைத்திருந்தால் போதும். ஒரு மரத்தை நடு, கணக்கு ஏறியதும் பிடுங்கி விற்றுவிடு. மறுபடி பணி வந்தால் மறுபடி நடு. நாலுவழிச் சாலை போடுகிறவர்கள் இதில் முதல் பாதியை மட்டும் கற்றுக்கொண்டால் நன்றாக இருக்கும்.

சிம்சிட்டியில் வாராவாரம் மேயர் போட்டி நடக்கும். அதில் ஜெயிப்பது அட்டவணைக்காரன். அங்கே உலோகம் 1 நிமிடம், மரம் 3, பிளாஸ்டிக் 9, விதை 20, கனிமம் 30 நிமிடம். அதற்கு மேலே ரசாயனம் 2 மணி நேரம், துணி 3, சர்க்கரையும் மசாலாவும் 4, கண்ணாடி 5, தீவனம் 6, மின்பாகம் 7 மணி நேரம். இதை மனப்பாடம் பண்ணியவனுக்கு நாள் எப்படி ஓடும் என்று பாருங்கள். படுக்கப் போகும்போது மின்பாகம். காலையில் கடை திறந்து, கூட்டிப் பெருக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்த பிறகு கனிமம். ஆள் வராத மதியத்தில் உலோகம், உலோகம், உலோகம். சாயங்காலம் கல்லூரிப் பிள்ளைகள் பிராஜெக்ட் ரிப்போர்ட் ஸ்பைரல் பைண்டிங்குக்கு வருகிற நேரத்தில் கண்ணாடி. சிமென்ட் செய்ய 2 கனிமமும் 1 ரசாயனமும் வேண்டும், ஆட்டத்துக் கடையில் அது வேகிற நேரம் 50 நிமிடம். ரசாயனத்தை முன்கூட்டியே போட்டுவைக்காதவன் மூன்று மணி நேரம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். மேயர் போட்டியில் வருகிற முதல் பணியை எடுக்கவே கூடாது. கிடங்கில் ஏற்கனவே என்ன இருக்கிறதோ அதோடு பொருந்துகிற பணி வரும்வரை காத்திருக்கிறவன்தான் மேலே போவான். பணிக்காகச் சரக்கு செய்கிறவன் கடைசியில் நிற்பான்.

நம் ஊரில் ஆடுகிறவனுக்கு இதற்கு மேல் இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. ஒன்று, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 முதல் மாலை 5 வரை என்று முன்கூட்டியே செய்தி வந்துவிடும். அன்றைக்குக் கடையும் இல்லை, வைஃபையும் இல்லை, மதியத்துக்கு மேல் மொபைல் சிக்னலும் ஒற்றைக் கோட்டில் நிற்கும். அன்றைக்கென்று 8 மணி வேலைகளை ஒதுக்கிவைப்பது என் வழக்கம். இன்னொன்று ஐரோப்பாவின் நள்ளிரவு. ஜெர்மனியில் மணி 12 அடித்தால் கோடையில் நமக்கு விடியற்காலை 3.30, குளிர்காலத்தில் 4.30. அந்த ஊர்க் கணக்கில் நாள் மாறுகிற ஆட்டத்தில் "கடைசி நாள்" என்பது நமக்குக் கோழி கூவுவதற்கு முந்தைய நேரம். மார்கழியில் கோயில் மைக் செட் போடுகிறவரும் நானும் ஒரே நேரத்தில் விழித்திருப்போம், அவருக்காவது புண்ணியம்.

சரி, இனி கணக்குக்கு வருவோம். ஈவென்ட் தொடங்கிய முதல் நாள் சாயங்காலம் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்துவிட வேண்டும். உதாரணத்துக்கு வட்ட எண்களில் போடுகிறேன். மொத்தப் பணிகளும் சேர்ந்து 4,000 காசு தரும், தினமும் உள்ளே வருவதற்கு 50 வீதம் 20 நாளைக்கு 1,000. ஆக 5,000. ஒரு பெட்டி 100 என்றால் 50 பெட்டி. ஒரு பெட்டிக்கு 10 புள்ளி, ஆக 500 புள்ளி. பெரிய கட்டடத்தின் ஒவ்வொரு நிலைக்கும் 60 புள்ளி, மொத்தம் ஒன்பது நிலை. அப்படியானால் 540 வேண்டும். 40 குறைகிறது. ஒரு பணி, ஒரு நாள் விடாமல் மாடாக உழைத்தவனுக்கும் நாலு பெட்டி துண்டு விழுகிறது. கூடவே ஒரு மூலையில் நிஜப் பணத்துக்கு வைரம் விற்கிற கடை திறந்திருக்கிறது, நாலு பெட்டிக்கு வேண்டிய வைரம் ஒரு பிரியாணி விலைதான்.

நான் ஆடிய ஈவென்ட்களில் அந்தத் துண்டு பெரும்பாலும் இந்த அளவில்தான் விழுந்திருக்கிறது. ரொம்பக் குறைந்தால் யாரும் முயல மாட்டார்கள். குறையாமல் இருந்தால் யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். இது என் சந்தேகம், நிரூபணம் இல்லை.

இந்தக் கணக்கு முதல் நாளே தெரிந்துவிட்டால் முடிவும் முதல் நாளே எடுக்கலாம். ஒன்பதாம் நிலை வேண்டும், அதற்கு இவ்வளவு ரூபாய் என்று ஒப்புக்கொண்டு இறங்குவது ஒரு வழி. ஐந்தாம் நிலையோடு நிறுத்திக்கொண்டு மீதிக் காசைச் சில்லறைப் பரிசுகளில் போடுவது இன்னொரு வழி. இரண்டுமே கௌரவமான ஆட்டம். இடையில் எட்டாம் நிலையில் வந்து நிற்பதுதான் நாசம். எட்டாம் நிலைக் கட்டடம் ஒன்பதாம் நிலை அளவுக்கே நிலத்தை அடைத்துக்கொள்ளும், தருவதோ குறைவு. தினம் காலையில் நகரத்தைத் திறந்ததும் கண்ணில் அதுதான் படும். இடிக்கவும் மனசு வராது.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு ஆட்டத்தில் எனக்கு அப்படி ஒரு எட்டாம் நிலை இருக்கிறது. கடைசி நாளில் பணி முடித்தும் திரை சுற்றிக்கொண்டே இருந்தது, மறுபடி திறந்தபோது ஈவென்ட் முடிந்திருந்தது. ஆதரவுக் குழுவுக்கு எழுதினேன். "உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம்" என்று பதில் வந்தது. என் உணர்வை நானே அன்றைக்குச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நேரத்தோடு இன்னொரு சங்கதி, அதிர்ஷ்டம். பெட்டியின் மேல் எழுதியிருப்பார்கள்: இன்றைய சிறப்புப் பரிசு கிடைக்க வாய்ப்பு 20 சதவீதம். கடைக்கு வருகிற பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இதைப் படித்துவிட்டுச் சொன்னான்: "அஞ்சு பெட்டி தொறந்தா ஒண்ணு வந்துடும்ணா."

"வராதுடா."

"இருவது பர்சன்ட்டுன்னா அஞ்சுல ஒண்ணுதானே?"

அஞ்சில் ஒன்றுதான். ஆனாலும் வராது. ஒரு பெட்டியில் வராமல் போக 80 சதவீதம். ஐந்திலும் வராமல் போவது 0.8-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது, கிட்டத்தட்ட 33 சதவீதம். மூன்று பேர் ஐந்து ஐந்து பெட்டி திறந்தால் ஒருவன் வெறுங்கையோடு போவான். பத்துப் பெட்டி திறந்தாலும் நூற்றில் 11 பேருக்கு ஒன்றும் கிடைக்காது. அவன் பொறியியல் படிக்கப் போகிறவன், கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துக்கொண்டான். பார்த்துவிட்டும் சொன்னான்: "ஆனா ஏழு வாட்டி வரலைன்னா எட்டாவது வர்றதுக்குச் சான்ஸ் ஜாஸ்திதானே?"

இந்த இடத்தில் நான் அவனைத் திட்டவில்லை. ஏனென்றால் அவன் சொல்வது முட்டாள்தனம் இல்லை, அவன் பார்த்து வளர்ந்த குலுக்கல்களில் அது உண்மை. அவன் அம்மா கட்டுகிற குலுக்கல் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பேர், இருபது மாதம். மாதா மாதம் ஒரு குழந்தையை விட்டு ஒரு சீட்டு எடுப்பார்கள். பேர் வந்தவர் பணத்தை வாங்கிக்கொள்வார், அவர் சீட்டு மறுபடி டப்பாவுக்குள் போகாது. ஏழு மாதம் வராதவருக்கு எட்டாவது மாதம் வாய்ப்பு நிஜமாகவே கூடுதல். இருபதாவது மாதம் நிச்சயம். நம் ஆட்களுக்குக் குலுக்கல் என்றால் மனசில் இருப்பது இதுதான். எடுத்த சீட்டு குறையும், காத்திருந்தவனுக்குக் கிடைக்கும். ஆட்டத்தின் பெட்டியிலோ எடுத்த சீட்டை ஒவ்வொரு தடவையும் திரும்ப உள்ளே போட்டுக் குலுக்குகிறார்கள். ஏழு முறை தோற்றது அதற்கு ஞாபகமே இருக்காது. இத்தனை முறை தோற்றால் அடுத்தது உறுதி என்று விதி வைத்த ஆட்டங்களும் உண்டு, அவை அதை எழுதியே வைத்திருக்கும். எழுதவில்லை என்றால் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும் இடம் உத்திரமேரூர் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. என் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் வைகுண்டப் பெருமாள் கோயில். பள்ளிக்கூட பஸ்கள் வந்து நிற்கும், டீச்சர் சுவரில் உள்ள ஊர்ச் சபைக் கல்வெட்டைக் காட்டிப் "பாருங்க, குடவோலை" என்பார், பிள்ளைகள் செல்ஃபி எடுக்கும். 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்த ஊர் பெயரைச் சொன்னதிலிருந்து வருகிற கார்களும் கூடியிருக்கின்றன. ஆனால் அந்தக் கல்வெட்டில் எனக்குப் பிடித்தது ஜனநாயகம் இல்லை. அந்தச் சபை பிராமண ஊரின் சபை, நிலமும் வேதமும் உள்ள ஆண்களுக்கு மட்டும் உரியது. அதை இன்றைய தேர்தலோடு சேர்த்துவைத்துப் பெருமைப்படுவதில் எனக்கு அவ்வளவு உற்சாகம் கிடையாது. எனக்குப் பிடித்தது சீட்டு எடுக்கிற முறை. ஏமாற்றுவதற்கான ஒவ்வொரு ஓட்டையையும் யாரோ உட்கார்ந்து யோசித்து அடைத்திருக்கிறார்கள்.

பராந்தக சோழன் காலத்தில் ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது, இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, அதைக் கட்டாகக் கட்டி, மேலே குடும்பின் பெயரை வைத்துக் குடத்தில் போட வேண்டும். சிறியவர் பெரியவர் எல்லோரும் கூடியிருக்க வேண்டும். கோயிலில் பூசை செய்யும் நம்பிமார் ஒருவர் விடாமல் அங்கே இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து இன்னொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து அந்தப் பையனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். இங்கேதான் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்: மத்தியஸ்தன் அந்த ஓலையை ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் இன்னொரு ஓலையை மறைத்துவைத்து மாற்றிவிடக் கூடாது அல்லவா! வாங்கிப் படித்தால் மட்டும் போதாது, அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதையே திரும்பப் படிக்க வேண்டும். முப்பது குடும்புக்கும் இப்படியே. தேறிய 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழு, 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்.

முதல் விதிகள் வெட்டப்பட்டது 919 வாக்கில். இரண்டே வருடத்தில், 921-ல், அதைத் திருத்தி மறுபடி வெட்டியிருக்கிறார்கள். வயது 30-லிருந்து 60 என்று இருந்தது 35-லிருந்து 70 ஆகிறது, தகுதிகள் இறுகுகின்றன. முதல் விதியில் எவனோ ஓட்டை கண்டுபிடித்திருக்கிறான் என்பது என் ஊகம். அப்டேட் விட்டிருக்கிறார்கள், கல்லில். எந்த விதி எப்போது மாறியது என்று 1,100 வருடம் கழித்தும் படிக்கலாம். நான் ஆடும் ஆட்டத்தில் போன வருடம் இதே பெட்டிக்கு என்ன சதவீதம் போட்டிருந்தார்கள் என்று தேடிப் பார்த்தால் அகப்படாது.

ஆகவே அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பையனிடம் நான் சொன்னது இதைத்தான். உன் எரிச்சல் நியாயம், ஆனால் அதிர்ஷ்டத்தின் மேல் எரிந்து விழாதே. குடம் எங்கே இருக்கிறது என்று பார். கோயில் சுவரில் உள்ள குடத்தை ஊரே பார்த்தது. உன் பெட்டியின் குடம் ஏதோ ஒரு சர்வரில் இருக்கிறது. 20 என்று எழுதியிருப்பதை நீ நம்பத்தான் வேண்டும், ஐந்து விரலை விரித்துக் காட்டச் சொல்ல முடியாது. 2017 டிசம்பரில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் இந்தச் சதவீதங்களைக் காட்டியே ஆக வேண்டும் என்று விதி போட்டது. அதற்கு முன் அதுவும் இல்லாமல் எத்தனையோ ஆட்டங்கள் ஓடின. சீனாவில் அதே ஆண்டு மே மாதம் அரசே கட்டாயமாக்கியது. பெல்ஜியம் 2018 ஏப்ரலில் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே அறிவித்துவிட்டது.

ஜப்பான்காரர்கள் அதற்கும் முன்னாலேயே ஒரு படி போனார்கள். அங்கே 'கம்ப்ளீட் கச்சா' என்று ஒரு வகை. ஆறு பொம்மை சேர்த்தால் ஒரு பெரிய பரிசு என்பது மாதிரி. 2012 மே மாதம் நுகர்வோர் விவகாரத் துறை அது சட்டத்துக்குப் புறம்பானது என்று சொல்லிவிட்டது. காரணம் புரிய ஒரு கணக்கு போதும். ஆறும் சம வாய்ப்பில் வந்தாலும் எல்லாவற்றையும் சேர்க்கச் சராசரியாக 14.7 முறை எடுக்க வேண்டும். முதல் மூன்று பொம்மைகள் நாலு முறைக்குள் வந்துவிடும். கடைசி ஒரு பொம்மைக்கு மட்டும் சராசரியாக ஆறு முறை. அதாவது பாதிக்கு மேல் சேர்த்தாயிற்று என்று குஷியாக இருக்கும் சமயத்தில்தான் செலவின் பெரும்பகுதி இன்னும் பாக்கி. என் எட்டாம் நிலைக் கட்டடமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இங்கே நம் சட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2022-ன் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. 2025 பிப்ரவரியில் வந்த விதிகள் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை போட்டன. சென்னை உயர் நீதிமன்றமும் அந்த ஜூன் மாதம் அதை ஏற்றது. ஆகஸ்ட்டில் மத்திய அரசின் சட்டம் வந்து, பணம் வைத்துப் பணம் எதிர்பார்க்கும் ஆட்டங்களையே மொத்தமாக நிறுத்தச் சொல்லிவிட்டது. ரம்மியால் போன உயிர்களை நினைத்தால் யாரும் இதற்கு எதிராகப் பேச மாட்டார்கள். நகரம் கட்டும் ஆட்டம் இதில் வராது. நாம் வைரம் வாங்குகிறோம், ஆனால் ஜெயித்துப் பணம் வாங்குவதில்லை. கொடுப்பது மட்டும்தான், அதனால் சூதாட்டம் இல்லை. சட்டத்தின் பார்வையில் இது சரி. விடியற்காலை 4 மணிக்குக் கிறிஸ்துமஸ் பெட்டி திறக்கிறவனை யாரும் தடுக்க மாட்டார்கள்.

இந்த அவசரம் புதிதும் இல்லை. 2009-ல் ஃபேஸ்புக்கில் வந்த ஃபார்ம்வில்லை நினைவிருக்கிறதா? விதைத்த பயிரைக் குறித்த நேரத்தில் அறுக்காவிட்டால் வாடிவிடும். சுற்றிலும் நெல் விளைகிற ஊரில், ஆடுதுறை 43 கதிர் முற்ற 110 நாள் பொறுத்திருக்கிற அப்பாவின் பிள்ளைகள், நாலு மணி நேரத்தில் விளையும் ஸ்ட்ராபெர்ரிக்காக பிரௌசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். இதைக் கேலி செய்ய 2010-ல் இயன் போகோஸ்ட் என்ற பேராசிரியர் 'கவ் கிளிக்கர்' என்று ஒன்றைச் செய்தார். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மாட்டைத் தட்டலாம், அவ்வளவுதான் ஆட்டம். கேலி என்று தெரிந்தும் ஆயிரக்கணக்கில் வந்து தட்டினார்கள். 2011 செப்டம்பரில் மாடுகளை எல்லாம் அவர் மறைத்துவிட்டார். அதன் பிறகும் சிலர் வந்து, மாடு நின்ற காலி இடத்தைத் தட்டிவிட்டுப் போனார்களாம். இதைப் படித்த நாளிலிருந்து விடியற்காலை அலாரம் அடிக்கும்போதெல்லாம் அந்த மாடு ஞாபகம் வருகிறது. எழுந்திருக்கத்தான் செய்கிறேன்.

ஈவென்ட்டை விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அது பிடிக்கும். காலியாகக் கிடந்த கிடங்கு ஒரு வாரத்தில் நிறைவதும், முன்கூட்டிப் போட்டுவைத்த ஐந்து பட்டறைகளும் ஒரே தட்டலில் மூன்று பணியைத் தீர்ப்பதும் சின்ன சந்தோஷங்கள் இல்லை. ஒரு மாற்றம் மட்டும் செய்திருக்கிறேன், அதுவும் கோயில் சுவரிலிருந்து எடுத்ததுதான். வாரியத்தில் ஒருமுறை இருந்தவர் அடுத்த மூன்று வருடம் ஓலை போட முடியாது. கணக்குக் காட்டாதவரும், அவருடைய மாமனார், மைத்துனர், மருமகன் என்று நீளும் சொந்தமும் ஒருபோதும் முடியாது. மூன்று வருடம் நமக்குத் தாங்காது. அதனால் ஓர் ஈவென்ட் முழுமூச்சாக ஆடினால் அடுத்ததைத் தொடுவதே இல்லை. நகரம் சும்மா இருக்கும், காசு ஊறும், கிடங்கு நிறையும். அடுத்த ஈவென்ட்டுக்கு அதுவே முதலீடு. இன்று முடிந்தால் நாளை மறுநாள் அடுத்தது என்று வரிசையாக விடுகிறவர்களுக்கு இந்த இடைவெளி பிடிக்காது. "உங்களை மிஸ் பண்ணுகிறோம்" என்று நோட்டிபிகேஷன் வரும். அதை அணைக்க செட்டிங்ஸில் இடம் இருக்கிறது.

முதல் நாள் கணக்குக்காக ஒரு தாள் தயாரித்து வைத்திருக்கிறேன். பணியால் வரும் காசு, தினசரிக் காசு, பெட்டி விலை, நிலைக்கு எத்தனை புள்ளி, துண்டு எவ்வளவு, அதற்கு அதிகபட்சம் எத்தனை ரூபாய். கடைசிக் கட்டத்தில் தொகையை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட வேண்டும். பையன் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று கேட்டான்.

"கலர்ல எடுத்துக் குடுண்ணா."

"கலர் பத்து ரூபா."

"பிளாக் அண்ட் ஒயிட்டே போதும்ணா. அதுவும் ரெண்டு பக்கமும் சேத்து ஒரே தாள்ல."

கடைசிக் கட்டத்தில் எவ்வளவு எழுதப் போகிறாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு 159 என்றான். அது அவன் ஆடும் ஆட்டத்தில் வைரத்தின் மிகச் சின்னப் பொட்டலத்தின் விலை.